பழைய மோட்டார்ஹோமின் நொறுங்கும் பிளாஸ்டிக்கோடு நான் பட்ட பாடு

1984இல் கட்டப்பட்ட ஒரு மோட்டார்ஹோமை, அதாவது உள்ளேயே தங்கிப் பயணம் செய்யும் வீட்டு வண்டி ஒன்றை, நான் வாங்கியபோது எஞ்சினைப் பற்றியும், பிரேக்கைப் பற்றியும், கூரை ஒழுகலைப் பற்றியும் எச்சரிக்க ஆளிருந்தது. சன்னல்களைச் சுற்றியும், விளக்குகளின் அடியிலும், அலமாரி மூலைகளிலும், குளியலறைச் சுவரின் விளிம்புகளிலும் ஓடுகின்ற பிளாஸ்டிக் ஓரச்சட்டங்களைப் பற்றி, அதாவது டிரிம் என்று பொதுவாகச் சொல்லப்படும் பகுதிகளைப் பற்றி, ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. அவை வெறும் அழகுக்காக இருப்பவை, கழற்றிக் கழுவி மாட்டினால் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். இரண்டு நாள் வேலை என்று கணக்குப் போட்டுத் தொடங்கியது ஐந்து மாதங்களை விழுங்கியது. வண்டியின் உட்புறம் முழுவதற்கும் என்று ஒதுக்கி வைத்திருந்த தொகையில் பாதிக்கு மேல் இந்தச் சட்டங்களுக்கே போயிற்று. அந்தப் பாதியிலும் பெரும்பங்கு, நானே உடைத்ததை நானே சரிசெய்யச் செலவானது. கூடமாட யாரும் இல்லாமல் தனியாகச் செய்த வேலை என்பதால், தவறு செய்யும்போது கையைப் பிடித்து நிறுத்தவும் ஆளில்லை. இதே வேலையில் இறங்கப்போகிற ஒருவருக்காவது அந்தக் கை கிடைக்கட்டும் என்றுதான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதல் நாள் நான் கைவைத்தது பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலிருந்த சன்னலின் சட்டத்தில். வண்டிக்குள் என் மூச்சே புகையாகத் தெரிகிற அளவுக்குக் குளிர்ந்த காலை அது. நான்கு திருகாணிகளைக் கழற்றிவிட்டு, ஒரு மூலையில் திருப்புளியின் முனையைச் செருகி மெல்ல நெம்பினேன். மெல்ல என்பது என் கணக்கில்தான். சட்டம் சற்றும் வளையவில்லை. வளைவதற்கு முன்பே முட்டையோடு போல உடைந்து, ஐந்து துண்டுகள் தொட்டிக்குள் விழுந்தன, ஆறாவது துண்டு சுவரிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. இது வெயில் பட்ட இடம், மற்றவை இப்படி இருக்காது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு அடுத்ததற்குப் போனேன். பொழுது சாய்வதற்குள் பதினொரு சட்டங்களைக் கழற்றியிருந்தேன். அவற்றில் ஏழு உடைந்திருந்தன. அந்த ஏழில் மூன்று, சிறிய அலங்கார மூடிக்கு அடியில் ஒளிந்திருந்த திருகாணியைப் பார்க்காமல் நான் இழுத்ததால் உடைந்தவை. இரண்டாவது உடைந்தபோதே நிறுத்தியிருக்க வேண்டும். ஏன் நிறுத்தவில்லை என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். தொடங்கிய வேலையைப் பாதியில் விட்டால் தோற்றுவிட்டதாகிவிடும் என்ற வீம்பு ஒரு பக்கம், உடைந்ததைக் கண்ட ஆத்திரத்தில் கை இன்னும் வேகமாக ஓடியது மறுபக்கம். அன்றிரவு தரையில் உட்கார்ந்து துண்டுகளைப் பொறுக்கியபோது உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. நாற்பது ஆண்டுகளாக எத்தனையோ பயணங்களின் குலுக்கலைத் தாங்கி நின்றவற்றை நான் ஒரே பகலில் நொறுக்கியிருந்தேன்.

அந்த இரவில் நான் செய்த ஒரே நல்ல காரியம், பொடித்துண்டுகள் உட்பட எதையும் குப்பையில் போடாமல், ஒவ்வொரு சட்டத்தின் துண்டுகளையும் தனித்தனிப் பையில் போட்டு, எந்த இடத்துச் சட்டம் என்று எழுதி வைத்தது. அவை எவ்வளவு விலைமதிப்புள்ளவை என்பது அப்போது தெரியாது. நகத்தளவுத் துண்டு ஒன்று தொலைந்தால், அந்த இடத்தை நிரப்பி, தேய்த்து, வடிவம் கொண்டுவர அரை நாள் பிடிக்கும். துண்டு கையில் இருந்தால் ஐந்து நிமிடத்தில் பொருந்திவிடும்.

இனி, ஏன் உடைந்தன என்பதைச் சொல்ல வேண்டும். அது புரியாததால்தான் அடுத்த ஒரு மாதம் வீணானது. அக்கால வண்டிகளின் உட்புறச் சட்டங்கள் பெரும்பாலும் ஏபிஎஸ் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. அக்ரிலோநைட்ரில், பியூட்டாடையீன், ஸ்டைரீன் ஆகிய மூன்றும் சேர்ந்தது அது. இந்த மூன்றில் அடி தாங்கும் தன்மையைத் தருவது பியூட்டாடையீன் என்னும் ரப்பர்ப் பகுதி. கடினமான பொருளுக்குள் நுண்ணிய ரப்பர் உருண்டைகள் விரவிக் கிடப்பதாக வைத்துக்கொள்ளலாம். அந்த ரப்பருக்கு வெயிலிலுள்ள புற ஊதாக் கதிரும், வெப்பமும், காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஆகாது. ஆண்டுக்கணக்கில் அவை தாக்கத் தாக்க, ரப்பர் தன் நெகிழ்வை இழக்கிறது, மேற்பரப்பு மஞ்சளாகிறது, கடைசியில் கண்ணாடி போன்ற ஒரு மெல்லிய தோல் உண்டாகிறது. உள்ளே இருக்கும் பகுதி பெரும்பாலும் இன்னும் நல்ல நிலையில்தான் இருக்கும். ஆனால் வளைக்கும்போது அந்தத் தோலில் விழுகிற நுண்ணிய விரிசல், கத்தி முனையைப் போல உள்ளிருக்கும் நல்ல பகுதியையும் பிளந்துகொண்டு போய்விடும். என் வண்டியிலேயே இதற்குச் சான்று இருந்தது. இழுப்பறையின் உட்புறத்தில், அதே நிறத்தில், அதே காலத்துச் சட்டம் ஒன்று நாணல் போல வளைந்தது. அதிலிருந்து இரண்டடி தள்ளி, சன்னலோரம் இருந்தது விரல் பட்டாலே விட்டுப்போயிற்று.

இதிலிருந்து வருகிற உண்மை எளியது, ஆனால் கசப்பானது: போன நெகிழ்வு திரும்பி வராது. சிதைந்த ரப்பரைத் திரும்பக் கொண்டுவருகிற திரவம் எதுவும் கிடையாது. இதை நான் ஒப்புக்கொள்ள மூன்று வாரங்கள் ஆயின. பிளாஸ்டிக்குக்குப் புத்துயிர் ஊட்டுவதாகச் சொல்லும் பளபளப்புத் திரவங்களில் நான்கு வகைகளை வாங்கித் தடவினேன். ஆளி விதை எண்ணெயைத் துணியில் நனைத்துத் தேய்த்தேன். சட்டங்களை மணிக்கணக்கில் வெந்நீரில் ஊறப்போட்டேன். பளபளப்பு வந்தது, நிறம் சற்று ஆழ்ந்தது, உடையும் தன்மை அப்படியே இருந்தது. ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைத்தால் மஞ்சள் நீங்கும் என்பது உண்மை. என் குளிர்பெட்டியின் காற்றுத் தடுப்புச் சட்டம் மஞ்சளிலிருந்து பழைய வெண்மைக்கு வந்தது. நிறம் இளமைக்குத் திரும்பியதால் வலுவும் திரும்பியிருக்கும் என்று நம்பி அதைப் பொருத்தப் போனேன்; இரண்டாவது திருகாணியிலேயே பிளந்துகொண்டது. இவற்றுள் பெரிய கேட்டைச் செய்தது சிலிக்கோன் கலந்த பளபளப்புத் திரவம்தான். அது துளைகளுக்குள்ளும் விரிசல்களுக்குள்ளும் புகுந்து உட்கார்ந்துகொண்டது. பிறகு ஒட்டவைத்த பசை அந்த இடங்களில் பிடிக்கவில்லை, பூசிய வண்ணமும் வட்ட வட்டமாக விலகி நின்றது. பின்னால் ஒட்டவோ வண்ணம் பூசவோ எண்ணமிருந்தால், சிலிக்கோன் உள்ள எதையும் அந்த வண்டிக்குள்ளேயே கொண்டுபோகாதீர்கள். சோப்புக் கலந்த வெதுவெதுப்பான நீரும் மென்மையான துணியும் போதும்.

அடுத்த தவறு, எல்லாம் ஒரே பிளாஸ்டிக் என்று எண்ணியது. இன்றைய பாகங்களின் பின்புறத்தில் எந்தப் பிளாஸ்டிக் என்ற குறி பெரும்பாலும் அச்சாகியிருக்கும்; பழைய வண்டியில் அதை எதிர்பார்க்க முடியாது. என் வண்டியில் ஏபிஎஸ் இருந்தது, பிவிசி இருந்தது, பாலிபுரோப்பிலீனும் இருந்தது. பாலிபுரோப்பிலீன் துண்டு ஒன்றை நான் மூன்று வகைப் பசைகளால் நான்கு முறை ஒட்டினேன். நான்கு முறையும் அது சுத்தமாக உரிந்து வந்தது. என் கைவேலையில்தான் குறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குறை அந்தப் பொருளின் இயல்பில் இருந்தது. சாதாரணப் பசை எதுவும் அதில் பற்றாது, பசைக்கு முன் பூசுகிற, அதற்கென்றே உள்ள பிரைமர் வேண்டும், இல்லையென்றால் சூட்டில் உருக்கித்தான் இணைக்க வேண்டும். ஒரு கிண்ணம் நீரும் கொஞ்சம் உப்பும் இருந்திருந்தால் அந்த நான்கு முயற்சிகளும் மிஞ்சியிருக்கும். உடைந்த துணுக்கை நீரில் போட்டு, குமிழிகள் ஒட்டாமல் அமுக்கிவிட்டுப் பாருங்கள். மிதந்தால் பாலிபுரோப்பிலீனாகவோ பாலிஎத்திலீனாகவோ இருக்கும். மூழ்கினால், இனி கரையாது என்கிற அளவுக்கு உப்பைக் கரைத்த நீரில் அதையே போடுங்கள். ஏபிஎஸ் மேலே வரும், பிவிசி அடியிலேயே கிடக்கும். டால்க் என்னும் கனிமப் பொடி கலந்த பாலிபுரோப்பிலீன் நல்ல நீரிலும் மூழ்கக்கூடும் என்பதால், மறைவான பின்பக்கத்தில் அசிட்டோன் என்னும் கரைப்பானையும் ஒரு சொட்டு வைத்துப் பார்க்க வேண்டும். ஏபிஎஸ் சில நொடிகளில் பிசுபிசுக்கும். பாலிபுரோப்பிலீனுக்கு ஒன்றும் ஆகாது. பிவிசியை உறுதிப்படுத்த 1872இல் பைல்ஸ்டைன் என்னும் வேதியியலாளர் சொன்ன சோதனை இன்றும் உதவுகிறது. செப்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, பிளாஸ்டிக்கைத் தொட்டு, மீண்டும் சுடரில் காட்டினால் குளோரின் இருக்கும்போது சுடர் பச்சையாகும். புகை நச்சுள்ளது என்பதால் திறந்த வெளியில், கடுகளவுத் துணுக்கோடு மட்டும் செய்ய வேண்டும். புரோமின் கலந்த தீத்தடுப்புப் பிளாஸ்டிக்கும் பச்சை காட்டும் என்பதால், உப்புநீர்ச் சோதனையோடு சேர்த்தே இதை எடைபோட வேண்டும்.

கழற்றுவதைப் பற்றி இப்போது சொல்கிறேன். இந்த வேலை முழுவதிலும் மிகுதியாக இழப்பதும் மிகுதியாகக் காப்பாற்றுவதும் இந்தக் கட்டத்தில்தான். முதல் கேள்வி எப்படிக் கழற்றுவது என்பதன்று, கழற்றித்தான் ஆக வேண்டுமா என்பதே. பின்னால் ஒழுகல் இல்லை, சட்டம் ஆடவில்லை, அழுக்கு மட்டும்தான் என்றால் இருக்கிற இடத்திலேயே துடைத்துவிட்டு விடுங்கள். நான் முதல் நாள் உடைத்த ஏழில் ஐந்தைக் கழற்ற எந்தத் தேவையும் இருக்கவில்லை. கழற்றியே தீர வேண்டும் என்றால், வண்டியின் உட்புறத்தை 25 முதல் 30 டிகிரி வெப்பத்தில் சில மணி நேரம் வைத்திருந்துவிட்டுத் தொடங்குங்கள். கெட்டுப்போன பிளாஸ்டிக் வெதுவெதுப்பில் கொஞ்சமாவது விட்டுக்கொடுக்கும், பின்னாலிருக்கும் நீரடைப்புப் பசையும் இளகும். கிளிப் இருக்கும் இடங்களில் ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, கை பொறுக்கிற சூடு வரை காட்டலாம். கொதிக்கும் காற்றை வீசும் ஹீட் கன்னை நான் பிறகு தூக்கிப் போட்டுவிட்டேன். ஒரு கணம் கவனம் தவறினாலும் சட்டம் முறுக்கிக்கொள்கிறது. பேட்டரி இணைப்பைத் துண்டித்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் விரல் நுனியால் தடவி, மூடிகளையும் ஒளிந்த திருகாணிகளையும் முழுவதும் தேடி முடித்த பிறகே இழுக்க வேண்டும். நெம்புவதற்கு உலோகக் கருவி வேண்டாம். அகலமான பிளாஸ்டிக் ஆப்புகள் இரண்டை வைத்துக்கொண்டு, விசையை ஒரு புள்ளியில் குவிக்காமல், சட்டம் நெடுகிலும் மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்த வேண்டும். சட்டம் வரமாட்டேன் என்று அடம்பிடித்தால், சட்டத்தைக் காப்பாற்றி, பின்னாலிருக்கும் கிளிப்பை மெல்லிய ரம்பத் தகட்டால் அறுத்துவிடுங்கள். கிளிப் புதிதாகக் கிடைக்கும். இந்த முறையில் பிறகு கழற்றிய பதினாறு சட்டங்களில் இரண்டு மட்டுமே விரிசல் விட்டன. ஒன்றுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆனது. முதல் நாள் ஒன்றுக்கு ஐந்து நிமிடம் ஆகியிருந்தது.

ஒட்டுவதில் நான் முதலில் நாடியது எல்லோரும் நாடுகிற உடனடிப் பசையைத்தான். ஒட்டுகிற வேகத்தில் மனம் மயங்கிவிடுகிறது. ஒரே நாளில் ஏழு சட்டங்களையும் ஒட்டி முடித்து, பெருமையோடு வரிசையாக அடுக்கி வைத்தேன். பொருத்தும்போது ஒட்டிய இடம் பெரும்பாலும் நின்றது. அதற்குப் பக்கத்தில் புதிதாக உடைந்தது. அந்தப் பசை இறுகியதும் அதுவும் கண்ணாடி போலாகிவிடுகிறது. உடையும் பொருளை உடையும் பசையால் ஒட்டினால் வளைவின் விசை பக்கத்து நலிந்த இடத்துக்குப் போய்விடும். போதாக்குறைக்கு ஒட்டிய கோட்டின் இரு பக்கமும் வெண்மையாகப் பூத்து நின்றது. வண்டி ஓடும்போது திருகாணிகள் தளர்ந்துவிடுமே என்று, மரைகளில் இடுகிற பூட்டுத் திரவத்தையும் தொட்டு வைத்தேன். இரண்டு வாரத்தில் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் நட்சத்திரம் போல விரிசல்கள் விழுந்திருந்தன. உலோகத்துக்கென்று செய்த அந்தத் திரவம், இறுக்கத்தில் இருக்கும் ஏபிஎஸ்ஸைப் பிளந்துவிடும் என்பதைத் திரும்பவும் மூன்று சட்டங்களை இழந்துதான் தெரிந்துகொண்டேன்.

இவற்றைவிடப் பெரிய இழப்பு ஒரு துணியால் நேர்ந்தது. சன்னலோரத்தில் வழிந்திருந்த பழைய பசையை அசிட்டோன் தோய்ந்த துணியால் துடைத்தேன். துணி சன்னலின் மீதும் ஓரிரு முறை பட்டது. மோட்டார்ஹோம்களின் சன்னல்கள் பலவும் கண்ணாடி அல்ல, அக்ரிலிக் என்னும் ஒளிபுகும் பிளாஸ்டிக். கண்முன்னே அந்தப் பரப்பு மங்கி, சிலந்திவலை போன்ற நுண்விரிசல்கள் ஓடின. மெருகு போட்டும் அது போகவில்லை. அந்தச் சன்னலை மாற்றியதுதான் இந்த வேலை முழுவதிலும் ஒரே பொருளுக்கு நான் கொடுத்த மிகப் பெரிய தொகை. அசிட்டோன் மட்டுமல்ல, ஆல்கஹாலும் அக்ரிலிக்கை இப்படிச் செய்யக்கூடும் என்பதால், இப்போதெல்லாம் கரைப்பான் புட்டியைத் திறப்பதென்றால் சட்டத்தை வண்டிக்கு வெளியே கொண்டுபோய்விடுகிறேன். வேறொரு காரணமும் உண்டு. அசிட்டோன் ஆவி காற்றைவிடக் கனமானது, எளிதில் தீப்பிடிப்பது. எரிவாயு அடுப்பும் வெப்பமூட்டியும் இருக்கிற சிறிய கூண்டுக்குள் அதைத் திறந்து வைப்பது விளையாட்டல்ல.

கடைசியில் பலித்த முறை மிக மெதுவானது. அதன் அடிப்படை, பழைய பிளாஸ்டிக்கை இனி எதையும் தாங்கச் சொல்லாமல், பின்னாலிருந்து அதைத் தாங்குவதற்கு வேறொன்றை வைத்துவிடுவது. துண்டுகளை முன்பக்கம் கீழாகக் கவிழ்த்து, மட்டமான பலகையில் மெழுகுத்தாள் விரித்து, முன்பக்கத்தில் ஒட்டுநாடாவால் இழுத்துப் பிடித்துப் பொருத்துவேன். முழுதாக ஓடாமல் பாதியில் நிற்கும் விரிசல்களின் நுனியில், கண்ணுக்குத் தெரியும் முனையைத் தாண்டி ஒரு மயிரிழை தள்ளி, 2 மில்லிமீட்டர் துளை இடுவேன். கூர்மையான நுனி வட்டமாகிவிட்டால் விசை அங்கே குவியாது, விரிசல் மேலே ஓடாது. துளையைக் கையால் சுழற்றும் துரப்பணத்தால் இடுவது நல்லது, மின்துரப்பணத்தின் அதிர்வே சில நேரம் புதிய விரிசலுக்குப் போதும். பின்பக்கத்தில் விரிசல் நெடுக ஆங்கில வி எழுத்தைப் போல ஆழமில்லாத ஒரு பள்ளம் சுரண்டி, அதில் ஏபிஎஸ் குழம்பை நிரப்புவேன். தேறாத சட்டங்களின் மறைவுப் பகுதியிலிருந்து சீவிய துருவல்களைக் கண்ணாடிப் புட்டியில் அசிட்டோனோடு ஓரிரவு மூடி வைத்தால், மறுநாள் காலையில் தேன் பதத்தில் அந்தக் குழம்பு கிடைக்கும். நிறமும் பொருந்தும். ஆனால் ஒரே தடவையில் நிறைய விட்டால் மெல்லிய சட்டம் இளகிக் கூம்பிவிடும். நான் ஒரு மூலையை அப்படி இழந்திருக்கிறேன். மெல்லிய பூச்சாகப் போட்டு, காயவிட்டு, சுருங்கிய இடத்தில் மறுபடி போட வேண்டும். இரண்டு மூன்று நாள் பொறுத்தால்தான் உள்ளே அடைபட்ட கரைப்பான் வெளியேறும்.

அதன் பிறகு பின்பக்கம் முழுவதையும் 80 எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, மெல்லிய கண்ணாடியிழைத் துணியை எபாக்ஸி என்னும், இரண்டு பொருள் கலந்து இறுகும் பிசினில் தோய்த்து இரண்டு அடுக்காகப் படிய வைப்பேன். விரிசல் இருக்கும் இடத்தில் மட்டும் ஒட்டுப் போடுவது வீண்; ஒட்டு முடிகிற விளிம்பில் அடுத்த விரிசல் பிறக்கும் என்பதைப் பசையே எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை துணி ஓட வேண்டும், திருகாணித் துளைகளைச் சுற்றி மூன்றாவது அடுக்கு வேண்டும். இறுகியதும் விறைத்துக் கண்ணாடியாகிவிடாமல் சற்று வளைந்துகொடுக்கும் வகை எபாக்ஸியைக் கேட்டு வாங்குவது நல்லது. கிளிப் உட்காரும் இடங்களிலும் சுவரில் படியும் விளிம்புகளிலும் துணி ஏறிவிடாமல் பார்த்துக்கொள்ளாவிட்டால் சட்டம் திரும்பப் பொருந்தாது. கையுறை, முகமூடி இரண்டும் கட்டாயம். இறுகிய கண்ணாடியிழையைத் தேய்க்கும்போது எழும் தூசி தோலையும் மூச்சையும் விடாது. ஒரு சட்டத்துக்குக் காயும் நேரம் உட்பட ஏறக்குறைய ஆறு நாட்கள். ஆனாலும் நான்கைந்து சட்டங்களைப் படிப்படியாக ஒன்றன்பின் ஒன்றாக நகர்த்தினால் அவ்வளவு நீளமாகத் தோன்றாது.

திரும்பப் பொருத்தும்போதுதான், முதலில் அவை ஏன் துளைகளிலேயே விரிந்திருந்தன என்பதும் விளங்கியது. ஒரு மீட்டர் நீளமுள்ள ஏபிஎஸ் சட்டம், வெப்பநிலை 40 டிகிரி மாறும்போது மூன்று முதல் நான்கு மில்லிமீட்டர் வரை நீளும், சுருங்கும். அதன் பின்னாலிருக்கும் அலுமினியம் ஒரு மில்லிமீட்டர்தான் நகரும், ஒட்டுப்பலகை அதனினும் குறைவு. எனக்கு முன் வண்டியை வைத்திருந்த யாரோ, ஆட்டம் கேட்கக் கூடாது என்று ஒவ்வொரு திருகாணியையும் இறுக்கி முடுக்கியிருந்தார்கள். நகர வழியில்லாத சட்டம் ஒவ்வொரு பகலும் ஒவ்வொரு இரவும் தன் துளைகளையே கிழித்துக்கொண்டிருந்திருக்கிறது. எனவே நடுத்துளையை மட்டும் அளவாக வைத்துவிட்டு, மற்றத் துளைகளை நீளவாக்கில் இரண்டு மில்லிமீட்டர் அகட்டி, தலைக்கு அடியில் அகன்ற நைலான் வாஷர் இட்டு, திருகாணி தொட்டு நின்றதும் கால் சுற்றுப் பின்னுக்குத் தளர்த்திவிட்டேன். ஆட்டச் சத்தத்துக்குப் பின்பக்கம் மெல்லிய ஃபோம் நாடா போதும். புதிய நைலான் கிளிப்புகளைப் பொருத்துவதற்கு முன் சில மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்தேன். நைலான் ஈரத்தை உறிஞ்சினால் உறுதியாக வளையும், உலர்ந்து கிடந்தால் முறியும். பிளாஸ்டிக் சட்டத்தை ஊறப்போட்டு ஏமாந்த நான், ஊறவைத்துப் பயன்கண்டது இது ஒன்றில்தான். பழுப்பேறிய பழைய கிளிப்புகளுக்கு இது உதவாது.

தேறவே தேறாத நான்கு மூலைத்துண்டுகளுக்கு முப்பரிமாண அச்சை நாடினேன். எளிதில் அச்சாகிறது என்று பிஎல்ஏ என்னும் பொருளில் அச்சிட்டு வாங்கினேன். பார்க்க அசலைவிட அழகாக இருந்தன. முதல் வெயில் காலத்தில், பூட்டிக் கிடந்த வண்டியைத் திறந்தபோது நான்கும் வாடிய இலை போலத் தொங்கிக்கொண்டிருந்தன. பிஎல்ஏ 60 டிகிரியை நெருங்கும்போதே இளகிவிடும். வெயிலில் மூடிக் கிடக்கும் வண்டியின் சன்னலோரம் அந்தச் சூட்டை எட்டுவது சாதாரணம். ஏஎஸ்ஏ என்பதில் அச்சிட்டு மறுபடி வாங்கினேன். அது ஏபிஎஸ்ஸின் உறவுதான், ஆனால் பியூட்டாடையீனுக்குப் பதிலாக வெயில் தாங்கும் அக்ரிலிக் ரப்பர் இருப்பதால், என் சட்டங்களுக்கு நேர்ந்த கதி அதற்கு அவ்வளவு எளிதில் நேராது. தொட்டிக்கு மேலிருந்த அந்த முதல் சட்டத்துக்கு மட்டும் மெல்லிய மரச்சட்டம் செய்து வண்ணம் பூசி வைத்துவிட்டேன். அசலைக் காக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் இதை ஏற்கமாட்டார்கள்; தினமும் சன்னலைத் திறந்து மூடுகிறவன் என்ற முறையில் எனக்கு அதில் வருத்தமில்லை.

வண்ணம் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. காட்டமான கரைப்பான் கலந்த லாக்கர் வகைகள் பழைய ஏபிஎஸ்ஸின் தோலில் நுண்விரிசல்களை உண்டாக்கும் என்பதால், வினைலுக்கென்று விற்கும் நெகிழ்வான பூச்சை, பின்பக்கத்தில் சோதித்துப் பார்த்து, மூன்று மெல்லிய படலமாகத் தெளித்தேன். புற ஊதாக் கதிரின் ஒரு பகுதியையாவது அந்தப் பூச்சு மறிக்கும். நிறுத்தி வைக்கும் நாட்களில் சன்னல்களுக்கு வெளிப்புறத் திரையும் போடுகிறேன்.

பின்படுக்கைக்கு மேலே, படிக்கும் விளக்கைச் சுற்றி ஒரு சட்டம் இருக்கிறது. தொடங்கிய நாளில் என் பட்டியலில் பன்னிரண்டாவதாக இருந்தது; அன்று இருட்டிவிட்டதால் தப்பியது. இடது மூலையில் அரை விரல் நீளத்துக்கு ஒரு விரிசல். அதன் நுனியில் இருக்கிற இடத்திலேயே 2 மில்லிமீட்டர் துளை ஒன்றை இட்டுவிட்டு, திருகாணிகளைக் கால் சுற்றுத் தளர்த்தி வைத்திருக்கிறேன். ஒன்றரை ஆண்டாகிறது, விரிசல் துளையைத் தாண்டவில்லை. அதை நான் கழற்றப்போவதில்லை.